தோட்டாவும் தோட்டமும்

பொகவந்தலாவையில் பிறந்து, பதினெட்டாம் வயதில் கடல் கடந்து, இன்று அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் வசதியோடு வாழும் இளைஞர் ஒருவர் எனக்கு நீண்டதொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கூடவே சில புகைப்படங்கள். கார் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையில் உறுதியான மரமேசை. அதன் மீது நெம்புகோல் பொருத்திய இரும்பு அழுத்தி ஒன்று. பக்கத்தில் நகைக்கடைத் தராசுபோல ஒரு சிறு தராசு. பித்தளைக் கோதுகள் வரிசை வரிசையாக மினுங்குகின்றன. கைத்துப்பாக்கிக்கான .357 சிக் என்னும் ரகத் தோட்டாக்களை அன்பர் தம் கையாலேயே நிரப்பிக்கொள்கிறாராம். சுட்டு முடித்த கோதை எறிந்துவிடாமல் எடுத்துவந்து, துடைத்து, சீராக்கி, மருந்திட்டு, ரவை பொருத்தி மறுபடியும் சுடுகிறார். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

அதில் எனக்கொரு தகராறும் இல்லை. அவர் வாழும் நாட்டின் மத்திய சட்டம், சொந்தப் பாவனைக்குத் தோட்டா நிரப்புவதற்கு அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை. விற்கப் போனால்தான் கேட்கும். சட்டத்துக்கு உட்பட்டுத் தம் கொட்டகையில் அவர் எதையும் செய்துகொள்ளட்டும். தகராறு கடிதத்தின் கடைசிப் பந்தியில் வருகிறது. "நான் இங்கே பெருமையோடு செய்வதை நம் மலையில் ஒருவர் செய்தால் கைவிலங்கு மாட்டுகிறார்கள். பன்றி வந்து பயிரைத் தின்கிறது, சிறுத்தை வந்து நாயைத் தூக்குகிறது. நம் சனங்களுக்கு மட்டும் ஏன் ஐயா இந்த உரிமை இல்லை? உங்களைப் போன்றவர்கள் ஏன் எழுதுவதில்லை?"

எழுதுகிறேன், தம்பி. ஆனால் நீங்கள் கேட்டபடி அல்ல. உங்கள் மேசையில் நடப்பதும் நம் லயத்துக் கோடிப்புறத்தில் நடப்பதும் ஒரே செயல் என்று நீங்கள் நினைப்பதே பிழை. மருந்தும் குழலும் சேர்ந்தால் வெடிக்கும் என்பதைத் தவிர இரண்டுக்கும் இடையே ஒற்றுமை எதுவும் கிடையாது.

துவக்கைத் தொட்டறியாத வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. பித்தளைக் கோது, அதன் அடியில் தட்டினால் பற்றும் சிறு மூடி, உள்ளே மருந்து, வாயில் ரவை. சுட்டபின் ரவை போய்விடும், மருந்து எரிந்துவிடும், மூடி செத்துவிடும். விலை கூடிய பொருளாகிய கோது மாத்திரம் மிஞ்சும். ஆனால் சூட்டிலும் அழுத்தத்திலும் அது சற்றே விரிந்திருக்கும். அதை உருக்கு அச்சுக்குள் செலுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நேர் உருளையான கோதென்றால் இது எளிது. போத்தலைப்போல் தோள் வைத்துக் கழுத்து ஒடுங்கிய கோதென்றால் சங்கடம். தோள் சிறிது பின்னே போனாலும் முன்னே வந்தாலும் தோட்டா அறைக்குள் சரியாக அமராது. எண்ணெய் குறைந்தால் கோது அச்சிலேயே இறுகிக்கொள்ளும். மிகுந்தால் தோள் குழிந்துவிடும். அன்பருடைய .357 சிக் ரகத்தில் கழுத்து மிகவும் குட்டை. ரவையைப் பிடித்திருக்கும் இடமே கொஞ்சம்தான். பிடி தளர்ந்து, ஏற்றும்போது ரவை சற்று உள்ளே அமிழ்ந்துவிட்டால் மருந்துக்கு இடம் சுருங்கும். இடம் சுருங்கினால் அழுத்தம் எகிறும். எகிறிய அழுத்தம் கையிலே வெடிக்கும்.

இவ்வளவு தொல்லைப்பட்டு ஏன் கழுத்தை ஒடுக்கினார்கள்? 1884இல் பிரான்சின் போல் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். பழைய கருமருந்தைவிட அது பன்மடங்கு வலிது. பெரிய கோதில் அந்த மருந்தை இட்டு, சிறிய ரவையை அதன் ஒடுங்கிய வாயில் வைத்தால் ரவை பறக்கும் வேகமே வேறு. ஒடுங்கிய முனை துப்பாக்கி அறைக்குள் வழுக்கிக்கொண்டு நுழையும் என்பது இன்னொரு வசதி. 1893இல் போர்ஷார்ட் கைத்துப்பாக்கி, 1896இல் மௌசர், பிறகு சோவியத்தின் தொக்கரேவ் என்று அந்த வமிசம் நீண்டது. (1898இல் சூடானின் ஒம்துர்மானில் இளைஞர் சேர்ச்சில் குதிரைமீதிருந்து சுட்டது அந்த மௌசரால்தான்.) மௌசர் தோட்டாவும் தொக்கரேவ் தோட்டாவும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆயினும் ஒன்றுக்குரிய துப்பாக்கியில் மற்றதைப் போட்டுச் சுடாதீர்கள் என்று அறிந்தவர்கள் எச்சரிப்பார்கள். உருவம் ஒன்று, உள்ளிருக்கும் அழுத்தம் வேறு.

அந்தக் கொட்டகையில் தனியாக அமர்ந்து தோட்டா செய்வதாக அன்பர் நினைத்துக்கொண்டிருக்கிறார். தனியாகவா? அவர் பக்கத்தில் ஒரு பெருங்கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. தோட்டா ஒவ்வொன்றின் அளவையும் அழுத்தத்தையும் வரையறுப்பதற்கென்று 1926இல் அமெரிக்க அரசின் கோரிக்கையின்பேரில் உற்பத்தியாளர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். மருந்து செய்கிற கம்பனி, எந்த ரவைக்கு எத்தனை நிறை மருந்து என்று ஆய்வுகூடத்தில் சுட்டுப் பார்த்து அட்டவணை அச்சிட்டுத் தருகிறது. குழல் வெடிக்காது என்பதற்குச் சோதனை முத்திரை வேண்டும் என்ற வழக்கமோ இன்னும் பழையது. லண்டனின் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது 1637இல். பேர்மிங்ஹாமின் சோதனைச்சாலை 1813இல் சட்டம் இயற்றி நிறுவப்பட்டது. அன்பர் தராசில் மருந்தை நிறுக்கும்போது முந்நூறு ஆண்டு அனுபவமும் விபத்தும் வழக்கும் காப்புறுதியும் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கின்றன. அதனால்தான் அவருடைய பத்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன. கைத்திறன் பிறகு வருவது.

இது நிற்க. பொகவந்தலாவைக்கு வருவோம்.

தெரியாதவர்களுக்கு: நுவரெலியா மாவட்டத்தில், கெசல்கமு ஓயா ஓடிவரும் பள்ளத்தாக்கு அது. தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு என்று வெள்ளைக்காரன் பெயர் சூட்டினான். பொன் யாருக்கு விளைந்தது என்பது வேறு கதை. சுற்றிலும் காடு. ஒரு பக்கம் ஹோர்ட்டன் சமவெளி, மறுபக்கம் சிவனொளிபாதமலை வனம். இரண்டும் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியவை. அந்தக் காட்டிலிருந்து பன்றியும் மரையும் இறங்கும். அவற்றின் பின்னாலேயே சிறுத்தையும் இறங்கும். கொட்டியாகலை என்று அங்கே ஒரு தோட்டம் உண்டு. சிங்களத்தில் கொட்டியா என்றால் சிறுத்தை, கல என்றால் பாறை. நம் பாட்டன்மார் அங்கே கால் வைக்குமுன்பே அது சிறுத்தையின் ஊர்.

தேயிலை மலைகளில் கணிசமானவை இன்று மானாப்புல்லும் பற்றையுமாகக் கிடக்கின்றன. ஆள் குறைந்தது, பராமரிப்பு குறைந்தது. பற்றை பன்றிக்கு வீடு. அதன் ஓரத்தில் தொழிலாளி ஒருவன் கரட்டோ போஞ்சியோ உருளைக்கிழங்கோ போடுகிறான். அந்தத் துண்டு அவனுடையது அல்ல, அவனிடம் உறுதியும் இல்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தபோதெல்லாம் பாராளுமன்றத்தில் எழுந்த ஆரவாரத்தை நாடறியும். அந்தச் சம்பளத்தில் விழும் ஓட்டையை அடைப்பது இந்த மரக்கறித் துண்டுதான். ஓர் இரவில் பன்றிக் கூட்டம் ஒன்று வந்துபோனால் மூன்று மாத உழைப்பு மண்ணோடு மண்.

அப்போதுதான் இரும்புக் குழாய் வெளியே வருகிறது. கிழக்கிலும் வன்னியிலும் இடியன் என்பார்கள். விலங்கு வரும் தடத்தில் கட்டி வைத்தால் கட்டுத்துவக்கு. குழாய் எந்த உருக்கு, எத்தனை அழுத்தம் தாங்கும் என்று எந்தச் சோதனைச்சாலையும் முத்திரை குத்தவில்லை. மருந்து எதிலிருந்து வந்தது, அதற்குள் வேறென்ன கலந்தது என்று இட்டவனுக்கே தெரியாது. தராசு கிடையாது, கைப்பிடியே அளவு. ஈயம் கிடைக்காவிட்டால் இரும்புத்துண்டு. வெளிச்சமும் கிடையாது, ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துவிடக் கூடாது. அன்பரே, உங்கள் மேசையில் இருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, கடைசியில் வெடிமருந்தை மாத்திரம் மிச்சம் வைத்தால் அதுதான் நம் லயத்தின் நிலை. இதற்கு 'உரிமை' என்று பெயர் வைக்கச் சொல்கிறீர்கள்!

பொகவந்தலாவைப் பக்கம் செய்தி சேகரிக்கப் போன காலத்தில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். வலக்கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே இருந்தன. தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்துத்தான் குடித்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"அடுப்பு வெடிச்சிருச்சுங்க," என்றார்.

அடுப்பு வெடித்தால் முகம் வேகும், மூன்று விரல் மட்டும் போகாது. நான் மறுமொழி சொல்லாமல் இருந்தேன். அவரும் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்தார். "பேப்பர்ல போட மாட்டீங்கன்னா சொல்றேன்யா. பன்னிக்கு வச்சது. பன்னி வரல. மழை பேஞ்சு மருந்து நனைஞ்சிருக்கும்னு எடுக்கப் போனேன். நனையல."

ஆஸ்பத்திரிக்கு எப்போது போனீர்கள் என்று கேட்டேன். மறுநாள் இரவு, அதுவும் மகன் அழுது அடம்பிடித்த பிறகு என்றார். காரணத்தை அவர் சொல்லத் தேவையில்லை. வெடிக்காயத்தோடு வருபவனை மருத்துவமனையிலேயே இருக்கும் பொலிஸ் காவலிடம் பதிய வேண்டும். பதிந்தால் வழக்கு, வழக்கென்றால் ஹற்றனுக்கு அலைச்சல், அலைச்சல் என்றால் பெயர் வெட்டு. துணியால் சுற்றிக்கொண்டு வீட்டிலேயே கிடந்த அந்த ஒரு நாளில் காப்பாற்றியிருக்கக்கூடிய விரல் ஒன்றும் போயிற்று. அந்தத் திறமைசாலியான கைக்குத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் பெயர் இருந்ததாம். பிற்பாடு அவருக்குக் கிடைத்தது காவல் வேலை. எதைக் காக்க? மரக்கறியை. எதனிடமிருந்து? பன்றியிடமிருந்துதான்!

அவர் பெயரை அன்றும் போடவில்லை, இன்றும் போடப்போவதில்லை.

அவர் தன் கையைத்தான் இழந்தார். கட்டுத்துவக்கு பெரும்பாலும் கட்டியவனைக் காயப்படுத்துவதில்லை, அடுத்தவனைத்தான். நம் நாட்டுச் சட்ட மருத்துவர்கள் இந்தக் காயங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஆண்கள், பெரும்பாலும் முழங்காலைச் சுற்றிய காயம். காரணம் எளிது. குழாய் பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுகிறது, மனிதனுக்கு அந்த உயரத்தில் இருப்பது கால். விறகுக்குப் போகும் பிள்ளைக்கு அதே உயரத்தில் வயிறு இருக்கும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு யாராவது என்னிடம் 'சுயபாதுகாப்பு' பற்றிப் பேசட்டும்.

ஆயினும் நம்மவரிலேயே ஒரு கூட்டம் இதைப் 'பாரம்பரிய அறிவு' என்று கொண்டாடக் கிளம்பியிருக்கிறது. தாத்தா மருந்து இடித்த கதை, மாமா ஒரே வெடியில் மரையை வீழ்த்திய கதை, இறைச்சி வற்றலின் மணம். எழுத்தில் இவையெல்லாம் சுவையாகத்தான் இருக்கின்றன. மருந்து இடித்துக் கண் போன தாத்தாவின் கதையை எவரும் எழுதக் காணோம். சுவை குறைவு போலும்.

பாரம்பரியம் என்றால் யாருடைய பாரம்பரியம்? இந்த மலைகளில் கையால் மருந்திட்டுச் சுடுவதை ஒரு வீரவிளையாட்டாக்கிக் காட்டியவர்கள் துரைமார். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400 யானைக்கு மேல் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் கல்லறை மீதும் இடி விழுந்தது என்று மலைநாட்டார் இன்றும் திருப்தியோடு சொல்வார்கள். சாமுவேல் பேக்கர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்து, துப்பாக்கியும் வேட்டைநாயுமாக இந்தக் காடுகளைச் சல்லடை போட்டுவிட்டு, 1854இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அக்காலத் துவக்குகளில் ஒவ்வொரு வெடியும் வாய்வழியே கையால் இடப்பட்டதுதான். கோதுத் தோட்டா வந்த பிறகும் பித்தளைக் கோதை மீண்டும் நிரப்பும் சிறுகருவிகள் வேட்டைக்காரத் துரையின் பெட்டியில் சாதாரணமாகக் கிடந்தன. அவர்களும் வீட்டில் நிரப்பியவர்களே. அவர்களைப் பிடித்து ஹற்றன் நீதிமன்றத்தில் நிறுத்திய பொலிஸ்காரன் எவனாவது உண்டா?

மிருகங்கள் தீர்ந்துவரவே துரைமார் 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். வேட்டையாடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற கவலையில் பிறந்தது அது. பின்னாளில் உண்மையாகவே நல்ல பணிகள் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சுட்டுத் தீர்த்தவன் கனவான். பிறகு பாதுகாத்தவனும் அதே கனவான். இன்றைக்கு அவனுடைய மரைக்கொம்பு பழைய கிளப் சுவரில் தொங்குகிறது. வெளிநாட்டு விருந்தினர் அதன்கீழ் நின்று தேநீர் அருந்திப் படமெடுத்துக்கொள்கிறார்கள். மூன்று விரல் போன கிழவனின் குழாய் வழக்குப் பொருளாகத் துருப்பிடிக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். சுடுகலன் கட்டளைச்சட்டம் 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கம். வெடிபொருட்கள் சட்டம் 1956ஆம் ஆண்டு 21ஆம் இலக்கம். அனுமதியின்றித் துவக்கு வைத்திருந்தாலும் குற்றம், வெடிமருந்து செய்தாலும் குற்றம். சரி, நல்ல சட்டம், இருக்கட்டும். பயிர்ப் பாதுகாப்புக்காகச் சன்னத் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் கேட்கலாம் என்கிறார்கள். காக்க வேண்டிய காணியை அதற்கு முதலில் காட்ட வேண்டுமே! 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் குடியுரிமையையே பறித்துவைத்திருந்த ஒரு சமூகம், குடியுரிமை திரும்பிய பிறகும் காணிக்காகக் கையேந்தி நிற்கும் ஒரு சமூகம், எந்தக் காணியின் வரைபடத்தை இணைத்து விண்ணப்பிக்கும்?

யுத்த காலத்தில் நிலைமை இன்னும் கொடிது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் கையில் இருந்தபோது, மலையக இளைஞன் ஒருவனின் வீட்டில் ஒரு சிட்டிகை மருந்து அகப்பட்டால் அது பன்றிக்கா படைக்கா என்று பொறுமையாக விசாரிக்க எவர் இருந்தார்? சிங்களத்தில் கொட்டியா என்ற ஒரே சொல் சிறுத்தைக்கும் ஆனது, புலி இயக்கத்துக்கும் ஆனது. சிறுத்தைக்குப் பயந்து மருந்து வைத்தவனைக் கொட்டியா என்று அடித்திருக்கிறார்கள். இந்தக் கேலிக்கூத்தை நினைத்துச் சிரிக்கவும் முடியவில்லை.

இதிலே இன்னொரு வேடிக்கை. கழுத்து ஒடுங்கிய தோட்டா என்றால் இந்த நாட்டில் சனங்களுக்குத் தெரிந்தது ரீ-56 ரவை ஒன்றுதான். யுத்தத்தோடு வந்து, யுத்தம் முடிந்த பின் பாதாளக் குழுக்களின் கையில் தங்கிவிட்டது. பாதாளக் குழுக்காரன் எவனாவது இரவில் குந்தியிருந்து கோதுக்கு எண்ணெய் பூசுகிறானா? அவனுக்குத் தொழிற்சாலைத் தோட்டா தாராளமாகக் கிடைக்கிறது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் கைதி ஒருவரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி உள்ளே வந்தது சட்டப் புத்தகத்தின் பக்கங்களைக் குடைந்த பள்ளத்தில். சட்டம் எவ்வளவு பெரிய ஓட்டையோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான படம் எந்தக் கேலிச்சித்திரக்காரனும் வரைய முடியாது. இந்த நாட்டில் வீட்டில் மருந்து நிரப்புகிறவன் ஏழை. வாங்கக் காசில்லாதவன்தான் நிரப்புவான்.

அப்படியானால் மருந்தை விட்டுக் கம்பிக்கு மாறட்டும் என்று சொல்வோரும் உண்டு. மாறித்தான் இருக்கிறார்கள். 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்து மரக்கறிப் பாத்தியருகே சுருக்குக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. இலங்கையில் இனி இல்லை என்று பலர் கைவிட்டிருந்த அரிய விலங்கு. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மே 29ஆம் திகதி இறந்தது. நாடே அழுதது, நானும் வருந்தினேன். அந்தக் கம்பி சிறுத்தைக்குப் போட்டதல்ல, பன்றிக்குப் போட்டது. இதை எல்லாச் செய்தியும் ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்தது. பன்றி ஏன் பாத்திக்கு வந்தது, பாத்தி ஏன் காட்டோரத்தில் இருக்கிறது, அதற்கு ஏன் வேலி இல்லை என்று இரண்டாவது வாக்கியம் எழுத ஆள் இல்லை.

கருஞ்சிறுத்தைக்கு நீதி கேட்டு எழுதியவர்களிடமும், தோட்டாவுக்கு உரிமை கேட்கும் அன்பரிடமும் நான் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறேன். வேலிக்குப் பணம் யார் தருவது? பன்றி புகாதபடி ஒரு வேலி அடைக்க வேண்டுமென்றால் கம்பி வேண்டும், கட்டை வேண்டும், ஆள் வேண்டும். தொழிலாளியின் ஒரு வாரச் சம்பளத்தில் அது ஆகிற காரியம் இல்லை. காணிக்குச் சொந்தக்காரர் அரசு. குத்தகைக்கு எடுத்து நடத்துபவை 1992க்குப் பின் வந்த கம்பனிகள். பற்றையாகிப்போன மலையை வெட்டித் துப்புரவாக்கும் பொறுப்பு இவ்விருவரில் ஒருவருடையது. பன்றி பெருகியது அங்கேதான். பற்றையை வளர்த்தவன் கம்பியையும் மருந்தையும் பிடித்தவனைக் காட்டிக் கொடுக்கிறான். நல்ல நியாயம்!

லயத்தை உடைத்துத் தனிவீடு கட்டும்போது ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று அளந்து கொடுக்கிறார்கள். வீட்டுக்கு அது சரி. மரக்கறிப் பாத்தி அந்த அளவுக்குள் அடங்குமா? அடங்காதது காட்டோரத்துக்குப் போகும். காட்டோரத்துக்குப் போனது உறுதியில்லாமல் கிடக்கும். உறுதியில்லாத பயிருக்குக் காப்புறுதிப் படிவத்தில் கோடு கிடையாது. பயிர் செய்யும் துண்டைப் பயிர் செய்பவனின் பெயரில் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே அவன் வேலிக்குக் கடன் கேட்கலாம், நட்டஈடு கேட்கலாம், சட்டப்படி ஒரு காவலுக்கும் கேட்கலாம். துவக்கைப் பற்றி எழுதப் புகுந்தவன் காணியைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். குழாய்க்குள் மருந்தை இட்டுக்கொடுப்பது காணியில்லாமைதான். நான் என்ன செய்ய?

பிறகு அந்தக் குழாய்கள். அவை இருக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கட்டுத்துவக்கை நியாயப்படுத்தும் எந்தப் பேச்சையும் நான் ஏற்கமாட்டேன், பேசுபவர் என் ஊரவரானாலும். ஆனால் எடுப்பது எப்படி? 2020 பெப்ரவரி 5 முதல் 12 வரை சட்டவிரோத ஆயுதங்களை ஒப்படைக்கப் பாதுகாப்பு அமைச்சு பொதுமன்னிப்பு அறிவித்தது. ஒரு வாரம்! பெரட்டுக்களத்தில் செய்தி பரவுவதற்கே ஒரு வாரம் ஆகும். பிறகு அதை நம்புவதற்கு ஒரு மாதம் ஆகும். குழாயைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குள் தானாக நடந்துபோகும் தைரியம் மலையகத் தொழிலாளிக்கு எங்கிருந்து வரும், அந்த வாசலில் அவனுடைய முந்திய அனுபவங்கள் என்ன என்பதை யோசித்தவன் எவனும் அந்த அறிவிப்பை எழுதவில்லை. ஆறு மாத அவகாசம் வேண்டும். கோவிலிலோ பள்ளிக்கூடத்திலோ வைத்து வாங்க வேண்டும். கிராம சேவகரும் தோட்டத்து ஆசிரியரும் பக்கத்தில் நிற்க வேண்டும். பெயர் கேட்கக் கூடாது. வெடிக்காயத்தோடு வருபவனுக்கு முதலில் வைத்தியம், பிறகுதான் வாக்குமூலம். இவற்றில் ஒன்றுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

மலையகப் பிரதிநிதிகள் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச வேண்டியவைதாம். இந்தக் கட்டுத்துவக்குச் சாவுகளைப் பற்றி அவர்களிடம் கேட்டால், "அது பொலிஸ் விஷயம் அண்ணே" என்கிறார்கள். ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், அதைப் பேசினால் நம் சனங்களுக்குத்தான் கெட்ட பெயர் என்றார். கெட்ட பெயருக்குப் பயந்து எத்தனை கால்களைக் கொடுப்பது என்று கேட்டேன். கைத்தொலைபேசி ஒலித்தது, எழுந்து போய்விட்டார்.

கடைசியாக என் சொந்தத் தொழிலுக்கு ஒரு வார்த்தை. செய்தியறையில் இருக்கும் இளம் நண்பர்களே, அந்த நான்கு வரிச் செய்தி உங்கள் மேசைக்கு அடிக்கடி வரும். "உள்நாட்டுத் தயாரிப்புத் துப்பாக்கியுடன் ஒருவர் கைது." அல்லது, "கட்டுத்துப்பாக்கி வெடித்ததில் ஒருவர் பலி. மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்." அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். தொலைபேசியை எடுத்துப் பொலிஸ் ஊடகப் பேச்சாளரை விட்டுவிட்டு அந்தத் தோட்டத்தில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அந்தத் துண்டில் என்ன பயிர் இருந்தது, துண்டு யாருடைய பெயரில் இருக்கிறது, வேலி இருந்ததா என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதிலை ஐந்தாவது வரியாகப் போடுங்கள்.